எங்கள் வீட்டு அட்டைகள் கடிப்பதில்லை

அனுப்புநர்: தங்கள் தங்கையின் கணவன், மாடி வீடு (தற்சமயம் தனியாக).

பெறுநர்: மதிப்பிற்குரிய மைத்துனர், பல் டாக்டர் அவர்கள்.

பொருள்: வீட்டில் அட்டை வளர்ப்பதாக என்மீது எழுந்துள்ள புகார் – விளக்கம் அளித்தல் – தங்கள் தங்கையைத் திருப்பி அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தாங்கள் நேற்று தொலைபேசியில் கத்தியது. 2. தங்கள் தங்கை வீட்டைவிட்டுப் புறப்படும்போது என்னைப் பார்த்தது.

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால், இங்கு நான் இருக்கிறேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அனைவரும் நலமாயிருக்க விழைகிறேன். மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்து, ஊரார் புகாருக்கெல்லாம் பதில் எழுதியவன் நான். என்மேலேயே ஒரு புகார் வந்து, அதற்கு நானே பதில் எழுதவேண்டிய நாள் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. பழக்கதோஷத்தில் பொருள், பார்வை எல்லாம் போட்டுவிட்டேன். பொறுத்தருளவும்.

நேற்று தாங்கள் போனில், “மாப்ள, வீட்டுல அட்டை வளக்கறீங்களாமே. சுவரு பூரா அட்டையாமே. எந்தங்கச்சி படுக்கிற மெத்தைக்கு அடியிலகூட அட்டையாமே. உங்களுக்கு என்ன, புத்தி பிசகிப்போச்சா?” என்று கேட்டீர்கள். நான், “வளக்கல மச்சான், சேக்கறேன்” என்றேன். அடுத்த வாய் திறப்பதற்குள் தாங்கள் போனை வைத்துவிட்டீர்கள். ஆகவே அங்கே விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன். அது குளத்தில் கிடந்து காலைக் கவ்வி ரத்தம் குடிக்கிற அட்டை அல்ல. பத்திரிகை அட்டை. வாரப் பத்திரிகையின் முகப்பில் படம் போட்டு வருகிறதே, அது. தங்கள் தங்கை தங்களிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எந்த அட்டை என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் இப்படிப்பட்ட மனுவை “விவரம் முழுமையாக இல்லை” என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவோம். தாங்கள் மனுதாரரையே திருப்பி அனுப்பினால் போதும்.

நான் பழைய பத்திரிகைகள் வாங்குவது தங்களுக்குத் தெரியும். அட்டையை மட்டும் உருவிக்கொண்டு, உள்ளே இருக்கிற கதை, கட்டுரை, கேள்வி பதில் அத்தனையையும் வாங்கின கடையிலேயே எடைக்குப் போட்டுவிடுவேன் என்பது தெரியாது. மீனை வாங்கித் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பைத் திருப்பிக் கொடுக்கிறவனைப் பார்ப்பதுபோல் பழைய பேப்பர் கடைக்காரர் என்னைப் பார்ப்பார். அவருக்கு என்ன தெரியும்? இப்போது வருகிற பத்திரிகை எல்லாம் போட்டோ. அந்தக் காலத்தில் வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து, தூரிகை பிடித்து வரைந்தார் மச்சான். பேருந்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வாய்பிளந்து தூங்கும் இரண்டு பேர், அவர்களுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் நடத்துநர். திருடனைத் துரத்தும் காவலாளி, காவலாளியைத் துரத்தும் நாய், நாயின் வாயில் திருடனின் செருப்பு. இதையெல்லாம் வரைந்த ஒரு மகானின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. படத்தின் மூலையில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்கு ஒரு வால். அவ்வளவுதான் கையெழுத்து. நான் அவரை வால்புள்ளி என்று அழைக்கிறேன். சாப்பிடும்போதும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், வால்புள்ளி யாரோ என் பழைய சிநேகிதர் என்று பக்கத்து வீட்டில் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வால்புள்ளியின் மழைப் படங்கள் என்று ஒரு வரிசை உண்டு. ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அந்த ஒன்றை முடிதிருத்தும் கடையில் ஒரேயொரு தடவை பார்த்தேன். கொட்டுகிற மழை, பேருந்து நிறுத்தம், ஒரு பெண் தன் பெட்டிமேலேயே உட்கார்ந்து, கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி விடுகிறாள், பின்னால் அவள் ஏறவேண்டிய பேருந்து போய்க்கொண்டிருக்கிறது. உலகத்தில் உள்ள எந்த அவசரமும் அவளைத் தொடவில்லை. அதைக் கையில் எடுக்கலாம் என்று எழுந்தேன். “அசையாதீங்க சார், காது போயிடும்” என்று கடைக்காரர் அழுத்தி உட்காரவைத்தார். மறுநாள் போய்க் கேட்டால், கத்தி துடைக்கக் கிழித்துவிட்டாராம். அன்றிலிருந்து நான் அந்தக் கடையில் முடி வெட்டிக்கொள்வதில்லை. தேடாத இடமில்லை. தங்கள் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் கிடக்கும் பத்திரிகைகளைக்கூட ஒன்று விடாமல் புரட்டியிருக்கிறேன். நல்ல பல்லை எல்லாம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நான் ஏன் அடிக்கடி வருகிறேன் என்று தாங்கள் யோசித்திருக்கக்கூடும். அத்தனைக்கும், தங்கள் நாற்காலியில் சாய்ந்த நிமிடம் முதல் எழுந்திருக்கும்வரை பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டே கிடப்பவன் நான். கலைக்காக ஒரு மனிதன் இதற்குமேல் என்ன செய்வான்?

சேர்த்தால் மட்டும் போதாது, மச்சான். பழைய அட்டை சுருண்டுகொள்ளும், நெளியும். இரண்டு துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போட வேண்டும். பிறகு கனமான ஏதாவது ஒன்றின் அடியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். வீட்டில் கனமான பொருள் எது என்று யோசித்தேன். இரவில் நாங்கள் இருவரும் படுக்கிற மெத்தைதான். இந்த யோசனையை அவளிடம் சொன்ன விதம் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவள் ஒரு வாரம் இறக்கவில்லை. அடுத்தது சட்டம். சட்டம் போடுகிற கடைக்காரர் நான் போனாலே எழுந்து நின்று நாற்காலி தருவார். ஆனால் எல்லாப் படத்துக்கும் புதுச் சட்டம் போடக் கட்டுப்படியாகுமா? ஹாலில் எங்கள் கல்யாணப் போட்டோ தொங்கிய சட்டம் காவலாளி படத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. மாட்டிவிட்டேன். காய்கறிப் பையோடு உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்தாள். நாய் வாயில் செருப்போடு அவளைப் பார்த்தது. “கல்யாணப் போட்டோ எங்க?” என்றாள். “பத்திரமா இருக்கு” என்றேன். “யாரு பத்திரமா இருக்கா?” என்றாள்.

கண்காட்சி வைக்கச் சொன்னதும் அவள்தான், இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். “இத யாரு பார்க்கப் போறா? வெளியாள் ஒருத்தர் வந்து, ஒக்காந்து பார்த்து, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் நான் வாயே தொறக்கல. யாரும் சொல்லலேன்னா மொத்தத்தையும் எறக்கிடணும்” என்றாள். ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஹாலிலேயே நடத்துவதென்று முடிவெடுத்து, அறிவிப்பு எழுதினேன். “அபூர்வ அட்டைகள். நூற்றுக்கணக்கில். பல்லாண்டு காலம் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கப்பட்டவை. நேரில் வந்து பயன்பெறுவீர். முதியோருக்கு முன்னுரிமை. கட்டணம் இல்லை.” கீழே முகவரி. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அட்டைப்படம்னு போடுங்க” என்றாள். “படம்ங்கறது அதுல ஒரு பகுதிதான். தாள், மை, மடிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அட்டை. சுருக்கமா எழுதறது ஒரு கலை” என்று விளக்கினேன். “என்னமோ பண்ணுங்க” என்றாள். அறிவிப்பை மருந்துக்கடைக்காரர் தம் கடை வாசலிலேயே ஒட்ட அனுமதித்தார். கால்வலித் தைலம் விளம்பரத்துக்குப் பக்கத்தில் நல்ல இடமாகக் கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால், மாடிப்படி முழுக்க ஜனம். எல்லோரும் பெரியவர்கள், எல்லோரும் நொண்டி நொண்டி ஏறி வருகிறார்கள். இந்த வயதில், இந்தக் காலோடு, கலை பார்க்க வருகிறார்களே என்று உருகி, ஒவ்வொருவரையும் கைகொடுத்து ஏற்றிவிட்டேன். முதலில் வந்தவர் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா. நாற்காலியில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, “எந்தக் கால மொதல்ல காட்டட்டும்?” என்றார். எந்தக் காலத்துப் படம் முதலில் என்று கேட்கிறார், என்ன ஞானம் என்று வியந்துபோய், “பழைய காலத்துலேருந்தே ஆரம்பிச்சிடுவோம்மா” என்றேன். “எனக்கு ரெண்டும் ஒரே வயசுதான்” என்றார். நல்ல நகைச்சுவை உணர்ச்சி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர், ஊரெல்லாம் நடந்து நடந்து கால் நரம்பு முறுக்கிக்கொண்டவர். அவர் எல்லாவற்றையும் விசாரித்துத் தெரிந்துகொள்கிற ரகம்.

“எல்லாத்தையும் எங்க வச்சிருக்கீங்க?” என்றார்.

“கொஞ்சம் இந்தச் சுவத்துல. மத்ததெல்லாம் மெத்தைக்கு அடியில.”

“நீங்க படுக்கிற மெத்தைக்கா?”

“நானும் எம் மனைவியும் படுக்கிற மெத்தைதான். மேல வெயிட்டு இருந்தாத்தான் நெளியாம இருக்கும்.”

தபால்காரர் தையல்கடை அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பாதத்தை மெதுவாகப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

“தண்ணியிலதானே வைப்பாங்க?” என்றார் தபால்காரர்.

“ஐயோ, ஈரமே ஆகாது. உப்பிடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்படி ஆச்சுன்னா இஸ்திரி போட்டுடுவேன்.”

“உசுரோடயா?”

நான் அவர் கேட்டதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டேன். “உசுரு போகாம இஸ்திரி போடறதுலதான் திறமையே இருக்கு” என்றேன்.

“ரத்தம் எவ்வளவு குடிக்கும்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வி என் மனசைத் தொட்டுவிட்டது. சேகரிப்பவனின் கஷ்டம் தெரிந்த ஒருத்தர் வந்திருக்கிறாரே. “எத்தனை வருஷமா என் ரத்தத்தைக் குடிச்சிட்டிருக்கு, கணக்கே இல்ல” என்றேன். சமையலறையிலிருந்து தங்கள் தங்கை, “என் ரத்தத்தையும்தான்” என்று குரல் கொடுத்தாள். கூட்டம் மொத்தமும் காலை உள்ளே இழுத்துக்கொண்டது. தொலைந்துபோன அடையாள அட்டையை இங்கே கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்திருந்த ஒருவர் மட்டும், “ரத்தமெல்லாம் எடுப்பாங்களா? கையெழுத்து வாங்கினா பத்தாதா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கால்வலிக்குக் கெட்ட ரத்தத்தை உறிஞ்ச அட்டை விடுகிற வைத்தியம் என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள் என்ற விஷயம் தங்கள் தங்கைக்கு அதற்குள் புரிந்துவிட்டது. டீத் தட்டோடு வந்தவள் ஒவ்வொரு காலாகப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படி இதழோரமாகச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முக்காலியை எடுத்துவந்து தையல்கடை அம்மாவின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். வந்த எல்லோருக்கும் தலையணை, ஸ்டூல், பெட்டி என்று ஏதாவது ஒன்றைக் காலுக்கு வைத்துவிட்டாள். அட்டை வரும் வரும் என்று காத்திருந்தவர்களுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாததால் சுவரைப் பார்த்தார்கள். தபால்காரர் திருடன், காவலாளி, நாய் படத்தைக் கண் கொட்டாமல் பார்த்தார். “இந்த நாய எனக்குத் தெரியும். இது என்னையும் தொரத்தியிருக்கு” என்றார். தையல்கடை அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மச்சான், அந்த நிமிடம் என் வாழ்க்கையின் பொன்னான நிமிடம். நல்லாயிருக்கு என்ற வார்த்தை அந்த அம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் பார்த்தேன்.

அப்போதுதான் கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் படியேறி வந்தார். நான் ஆணி அடிக்கும்போதெல்லாம் துடைப்பக் கட்டையால் கீழிருந்து பதிலுக்குத் தட்டுகிறவர். கூடவே முதுகில் மருந்தடிக்கும் டப்பாவோடு ஒரு சுகாதார அதிகாரி. “ஒப்பந்தத்துல நாய் கூடாது, பூனை கூடாதுன்னு எழுதினேன். அட்டை கூடாதுன்னு எழுதணும்னு எவனுக்குத் தோணும்?” என்று வீட்டுக்காரர் கத்தினார். அதிகாரி அமைதியானவர். “எங்க வச்சிருக்கீங்க?” என்றார். “இதோ, சுவரெல்லாம் அதுதான் சார். கண்ணாடிக்குள்ள” என்றேன். அவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்து, “செத்துப்போச்சா?” என்றார். “அப்படித்தான் சில பேர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்” என்றேன்.

முக்காலியைக் காலுக்குக் கொடுத்துவிட்டதால், அதன்மேல் இருந்த சட்டம் போடாத அட்டை ஒன்று அலமாரி விளிம்புக்கு வந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் அது தரையில் விழுந்து, சுருண்டு, நெளிந்து, தவழ்ந்து நேராக வீட்டுக்காரர் காலடிக்குப் போயிற்று. “நெளியுது, நெளியுது” என்று அவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். அதில் ஏற்கெனவே அடையாள அட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். அதிகாரி டப்பாவின் குழாயைத் திருப்பினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் தங்கள் தங்கை ஓடினாள் மச்சான். அந்த அட்டைகளை எடைக்குப் போடு எடைக்குப் போடு என்று தினம் சொல்லிக்கொண்டிருந்தவள், குழாய்க்கும் அட்டைக்கும் குறுக்கே பாய்ந்தாள். அத்தனை தண்ணீரும் அவள் முகத்தில். மூக்கிலிருந்து சொட்டச் சொட்ட நின்றாள். “வெறும் உப்புத் தண்ணிதாம்மா. அட்டைக்கு உப்புதான் மருந்து” என்றார் அதிகாரி.

நான் ஓடிப்போய்க் குனிந்து, “அட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றேன்.

தையல்கடை அம்மாதான் முதலில் பேசினார். “அடக் கடவுளே, அட்டைன்னா இந்த அட்டையா?” என்றார். உடனே தபால்காரர் ஆரம்பித்துவைக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். என் தரப்பு விளக்கத்தைத் தங்களிடமாவது வைக்கிறேன்: உப்புத் தண்ணீர் முகத்தில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம், அட்டையில் பட்டால் துடைக்க முடியாது. இதை அவளிடமும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே அவள், “இத்தனை வருஷம் நான்தான் உங்கள அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடந்தேன். சட்டம் போட்டு மாட்டியிருந்தா ஒருவேளை என்னையும் பார்த்திருப்பீங்க. அண்ணன் வீட்டுக்குப் போறேன்” என்றாள்.

போய்விட்டாள். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவள் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், எனக்கும் எழுதக் கை வரவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் பேருந்து நிறுத்தம் தெரியும். மழை பிடித்துக்கொண்டது. குடையை எடுத்துக்கொண்டு ஓடுவதற்காகத்தான் நான் வெளியே வந்தேன், சத்தியமாக. எட்டிப் பார்த்தேன். அவள் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே, காலையிலிருந்து அத்தனை பேருக்கு டீ போட்ட அலுப்பில், கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி விட்டாள். மச்சான், அப்படியே அந்தப் படம். நான் எத்தனையோ கடையில், எத்தனையோ குப்பையில் தேடின படம் என் வாசலிலேயே நனைந்துகொண்டிருந்தது. என்னையறியாமல் இரண்டு கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து ஒரு சட்டம் மாதிரி பிடித்து, ஒற்றைக் கண்ணால் அதன் வழியே பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவள் நிமிர்ந்தாள். மேலே பார்வை என்பதில் இரண்டாவதாகக் குறிப்பிட்டிருப்பது அதைத்தான். பேருந்து வந்தது, அவள் ஏறிவிட்டாள். நான் விரல்சட்டத்தைப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தேன், உள்ளே வெறும் மழைதான் இருந்தது.

அப்புறம் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்: அவள் இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதற்கிடையே அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தினமும் வருகிறது. காலை உயர்த்தி வைத்து இரண்டு மணிநேரம் உட்கார்ந்து சிரித்ததில் தையல்கடை அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டதாம். “படம் நல்லா இருக்கு” என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன் மச்சான். ஜெயித்ததைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நேற்று தபால்காரர் நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “சார், இதுக்கு அந்த அட்டையே தேவலை. அம்மா எப்ப வருவாங்க?” என்றார்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இன்று காலை சுவரில் இருந்த எல்லா அட்டைகளையும் இறக்கினேன். மெத்தையைத் தூக்கி அடியில் இருந்ததையும் எடுத்துவிட்டேன். கல்யாணப் போட்டோவைத் தேடினேன், எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. பயந்துபோய் ஒவ்வொரு சட்டமாகப் பிரித்தேன். காவலாளி படத்தைப் பிரித்தால், அதற்குப் பின்னாலேயே இருக்கிறது. அன்று அட்டை நெளியாமல் நிற்கப் பின்னால் கெட்டியாக ஏதாவது வேண்டியிருந்தது, போட்டோவை வெளியே எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். இத்தனை நாளும் முன்னால் நின்ற திருடனையும் நாயையும் நாங்கள் இருவரும்தான் பின்னால் நின்று தாங்கியிருக்கிறோம். அதில் அவள் என்னமாய்ச் சிரிக்கிறாள் என்பதை இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன்.

கீழ்க்காண்பவற்றை நான் மனமார உறுதியளிக்கிறேன். இனி ஒரு அட்டைகூட வாங்க மாட்டேன். இருப்பதை எல்லாம் தையல்கடைக்கும், மருந்துக்கடைக்கும், கேட்பவருக்கும் கொடுத்துவிடுவேன். மழைப் படத்தைத் தேடுவதை இன்றோடு விட்டுவிட்டேன். அது கிடைத்தாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன். வால்புள்ளி என்ற பெயரை வீட்டில் உச்சரிக்க மாட்டேன். அண்ணன் சொன்னால் அவள் தட்டமாட்டாள். தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவைக்குமாறு இரு கரம் கூப்பி வேண்டுகிறேன்.

தங்கள் கைராசி ஓங்கட்டும், தங்களிடம் வருகிற பல் எல்லாம் சொன்னபடி கேட்கட்டும், வீட்டில் சின்னவர் பெரியவர் அனைவரும் சிரித்த முகமாய் நீடூழி வாழட்டும். தங்கள் துணைவியாருக்கு என் பணிவான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
திருந்திய மனத்துடன்,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையில் பசை தடவப் போகும்போது தங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தாங்கள்தான் என்று நினைத்து எடுத்தேன். தங்கள் தங்கை. வணக்கம், சௌக்கியமா எதுவும் கிடையாது. “அண்ணன் சாப்பிடப் போயிருக்கார். பல் புடுங்கற நாற்காலியில சும்மா சாய்ஞ்சு பார்த்தேன். மேல கூரையில ஒரு பழைய அட்டை ஒட்டியிருக்கு. மழையில ஒருத்தி பெட்டிமேல உக்காந்து வாயப் பொளந்துக்கிட்டிருக்கா. இதக் காட்டித்தான் எல்லாரையும் இப்படி வாயத் தொறங்கன்னு சொல்லுவாராம். மூலையில புள்ளியும் வாலும் இருக்கு. வேணுமா, வேண்டாமா?” என்றாள். மச்சான், எத்தனை வருடம் நான் அதற்கு நேர் கீழே கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறேன். ‘அது கிடக்கட்டும், நீ வா’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஓரம் கிழியாம வருமா?” என்று வந்துவிட்டது. போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மணி அடித்தது. “கிழியாம வந்துடுச்சு. காலை பஸ்ஸுல வரேன். எறங்கினதும் மொதல்ல என் மூஞ்சியப் பாருங்க, அப்புறம் ஓரத்தப் பாருங்க. அப்புறம் அந்தக் கால்வலிக் கூட்டத்த வரச் சொல்லுங்க, பாவம், உங்க டீயக் குடிச்சிக்கிட்டு” என்றாள். ஆகையால் மேலே கொடுத்துள்ள உறுதிமொழிகள் அனைத்தையும் ரத்து செய்ததாகக் கருதவும். தங்கள் கூரை காலியாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பேருந்தில் தூங்கும் இருவர் படம் என்னிடம் இரண்டு இருக்கிறது. அதில் இரண்டு வாய் திறந்திருக்கிறது, தங்களுக்கு லாபம்தான். அடுத்த முறை பல் காட்ட வரும்போது நானே கொண்டுவந்து ஒட்டித் தருகிறேன். இனி தங்கள் நாற்காலியில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுப்பேன்.